உடலில் பெருகிவரும் சிவப்பு மருக்கள்: அப்படியே விட்டுவிடலாமா, எடுத்துவிடலாமா?

வைகறை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 46 வயதாகிறது. கடந்த 12 ஆண்டுகளாக என் உடலில் சிறிய சிவப்பு மருக்கள் ஒவ்வொன்றாகத் தோன்றி வருகின்றன. முதல் மரு என் இரண்டாவது கர்ப்பத்தின்போது, தொப்புளுக்குச் சற்று மேலே, குண்டூசித் தலையளவில் தோன்றியது. பிரசவத்துக்குப் பிறகு அது மங்கிப்போனதால் நானும் மறந்துவிட்டேன். நாற்பதைத் தாண்டிய பிறகு வயிறு, மார்பு, தோள், மேல்கை என்று பல இடங்களில் தோன்றின. சென்ற வாரம் எண்ணிப் பார்த்தபோது 34 இருந்தன. பெரும்பாலானவை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவிலேயே இருக்கின்றன. இரண்டு மட்டும் மிளகளவு வளர்ந்து, மேடாக, செக்கச்செவேலென்று தெரிகின்றன. அவற்றில் ஒன்று கழுத்தெலும்பின் மீதும், மற்றொன்று கழுத்தில் சங்கிலி உரசும் இடத்திலும் இருக்கின்றன. சங்கிலியில் இருப்பது மாதத்தில் ஒரு முறையாவது கீறிக்கொண்டு இரத்தம் கசிகிறது.

வலி, அரிப்பு எதுவும் இல்லை. வேறொரு காரணத்துக்காகச் சென்றிருந்த இடத்தில் மருத்துவர் ஒருவர் பார்த்துவிட்டு, இவை ஆபத்தில்லாதவை என்று ஒரே வரியில் சொன்னார். அந்த ஒரு வரி எனக்கு ஆறுதலாக இருந்தாலும், அதற்குப் பிறகும் புதியவை வந்துகொண்டே இருப்பதால் மனம் அமைதி கொள்ளவில்லை. உறவினர் ஒருவர் ஈரல் கெட்டிருந்தால்தான் இப்படி வரும் என்கிறார். இன்னொருவர், ஒன்றைக் கிள்ளினால் அந்த இரத்தம் பட்ட இடமெல்லாம் பத்தாக முளைக்கும் என்று எச்சரிக்கிறார்.

நான் அறிய விரும்புபவை இவைதான். இவை உண்மையில் என்ன, உள்ளுறுப்பு நோய் எதையாவது காட்டுகின்றனவா? எடுத்துவிட வேண்டுமென்றால் எந்த முறை நல்லது? என் தோல் மாநிறத்துக்கும் சற்றுக் கறுப்பு. ஒரு கொசுக்கடி ஆறினால்கூடக் கறுப்புத் தடம் பல மாதங்கள் நிற்கும். சிவப்புப் புள்ளி போய், அந்த இடத்தில் கறுப்புப் புள்ளியோ வெள்ளைப் புள்ளியோ நிலைத்துவிடுமோ என்பதுதான் என் பெரிய அச்சம். பட்டறிந்தவர்களும் துறை அறிந்தவர்களும் பொறுமையுடன் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கூழாங்கல் (பதில்):

அம்மா, வணக்கம். எனக்கு 63 வயது. என் முதுகிலும் வயிற்றிலும் நூற்றுக்கும் மேற்பட்ட சிவப்பு மருக்கள் உள்ளன. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவற்றுடன்தான் வாழ்ந்து வருகிறேன். ஒன்றைக்கூட அழகுக்காக எடுத்துக்கொள்ளவில்லை. எனவே எடுக்காமல் வாழ்பவனின் பக்கத்தை நான் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

இவற்றுக்குச் செர்ரி ஆஞ்சியோமா என்று பெயர். கேம்ப்பெல் டி மோர்கன் புள்ளிகள் என்ற பழைய பெயரும் உண்டு. அந்தப் பெயருக்குரியவர் 1811 முதல் 1876 வரை வாழ்ந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர். புற்றுநோயாளிகளின் உடலில் இப்புள்ளிகளை மிகுதியாகக் கண்ட அவர், இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று கருதினார். புற்றுநோயும் வயதானவர்களிடம் மிகுதி, இப்புள்ளிகளும் வயதானவர்களிடம் மிகுதி. ஆதலால் இரண்டும் ஒரே உடலில் காணப்பட்டதில் வியப்பில்லை. அவருடைய கருத்தைப் பிற்கால மருத்துவம் ஏற்கவில்லை. இதை நான் இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்தப் பழைய எண்ணத்தின் எச்சம் இன்றும் ஏதோ ஒரு மூலையில் எழுதப்பட்டிருக்கும். நள்ளிரவில் தேடுபவரின் கண்ணில் அதுதான் முதலில் படும். எனக்கும் அப்படித்தான் பட்டது. இரண்டு வாரங்கள் சரியாக உறங்கவில்லை.

நான் அஞ்சிய நாள் ஒன்று உண்டு. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, இடுப்பில் வார் அழுத்தும் இடத்தில் இருந்த ஒரு மரு, இரண்டே நாள்களில் சிவப்பிலிருந்து கறுப்பாகிவிட்டது. கறுத்த மச்சம் மாறினால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று படித்திருந்த எனக்கு, கறுக்காத ஒன்று கறுத்தால் எப்படி இருந்திருக்கும்! தோல் மருத்துவர் கைக்கருவி ஒன்றைத் தோலின் மீது வைத்து வெகுநேரம் பார்த்தார். உள்ளே இரத்தம் உறைந்துபோனதால் இப்படி ஆகியிருக்கலாம் என்றும், ஆனால் கருவியில் தெரிவதை வைத்து மட்டும் உறுதியாகச் சொல்ல விரும்பவில்லை என்றும் கூறி, அந்த ஒன்றை மட்டும் சீவி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. உறைந்த இரத்தமேதான். அவர் சந்தேகத்தை மறைக்காமல் சொன்னதும், எடுத்ததைக் குப்பையில் போடாமல் நுண்ணோக்கிக்கு அனுப்பியதும் எனக்கு அவர் மீது பெருமதிப்பை உண்டாக்கின. தாங்களும் எந்த மருவை எடுத்தாலும், அதைப் பற்றிச் சிறிதேனும் ஐயம் இருந்தால் பரிசோதனைக்கு அனுப்புவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றபடி அன்றாட வாழ்வில் இவற்றால் எனக்குத் தொல்லை மிகக் குறைவு. தற்செயலாகக் கீறி இரத்தம் வந்தால், சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திக்கொள்வேன். நடுநடுவே எடுத்துப் பார்ப்பதுதான் நாம் செய்யும் தவறு. பார்த்துக்கொண்டே இருந்தால் நிற்க நேரம் ஆகும். ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் என் மனைவி முதுகைப் படம் எடுத்து வைப்பார். போன ஆண்டுப் படத்துடன் ஒப்பிட்டால் எது புதியது, எது மாறியது என்று தெரிந்துவிடும். நினைவை நம்பினால் எல்லாமே புதியதாகவும் பெரியதாகவும் தோன்றும். படம் நினைவைவிட நேர்மையானது.

நெய்தல் (பதில்):

நான் தோல் மருத்துவத் துறையில் பணியாற்றுபவள். நேரில் பார்க்காமல் தங்களுக்கு நோயறுதி சொல்ல இயலாது. சொல்வதும் முறையாகாது. ஆனால் தாங்கள் விவரித்த வயது, இடம், வளர்ந்த விதம், கர்ப்பத்தில் தோன்றிப் பின் மங்கியது ஆகியவை அனைத்தும் செர்ரி ஆஞ்சியோமாவுக்குப் பொருந்துகின்றன. தங்கள் கேள்விகளை அந்தப் பொருளில் எடுத்துக்கொண்டு விடையளிக்கிறேன்.

தோலின் மேற்பகுதியில், மேல்தோலுக்கு உடனடியாகக் கீழே, மிக நுண்ணிய இரத்தக்குழாய்கள் ஓரிடத்தில் பெருகி, சிறு முடிச்சாகத் திரண்டு நிற்பதே இந்த மரு. நாம் பொதுவாக மரு என்று சொல்லும் வைரஸ் மருவுக்கும், கழுத்தில் தொங்கும் பாலுண்ணிக்கும், நிறமிச் செல்களால் ஆன மச்சத்துக்கும் இதனுடன் எந்த உறவும் இல்லை. வைரஸ் இல்லாததால் தொற்றாது. ஒன்றைக் கிள்ளினால் பலவாக முளைக்கும் என்பது வைரஸ் மருவைப் பற்றிய கருத்து, தவறுதலாக இதன்மேல் ஏற்றப்பட்டது. கசியும் இரத்தத்தில் விதை எதுவும் இல்லை. அண்மை ஆண்டு ஆய்வுகளில் இம்மருக்கள் சிலவற்றின் செல்களில், ஜிஎன்ஏக்யூ போன்ற மரபணுக்களில், பிறந்த பிறகு அந்தத் திசுவில் மட்டும் ஏற்பட்ட மாற்றங்கள் காணப்பட்டுள்ளன. அவை பெற்றோரிடமிருந்து வந்தவையும் அல்ல, குழந்தைகளுக்குப் போகக்கூடியவையும் அல்ல. வயது ஏறுவதே எண்ணிக்கை கூடுவதற்கு முதன்மைக் காரணம். முப்பதுகளில் தொடங்கி, முதுமையில் பெரும்பாலோரிடம் சிலவாவது இருக்கும். கர்ப்பத்தில் தோன்றுபவை பிரசவத்துக்குப் பின் சுருங்குவதும் அறியப்பட்டதே. சைக்ளோஸ்போரின் போன்ற சில மருந்துகளுடனும், புரோமைடு போன்ற சில வேதிப்பொருள்களுடனும் தொடர்பு குறிப்பிடப்பட்டுள்ளது. தாங்கள் நீண்டகாலமாக ஏதேனும் மருந்து உட்கொண்டால் அதைச் சொல்லுங்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் 34 என்பது கவலைப்படத்தக்க வேகம் அல்ல. சில வாரங்களுக்குள் திடீரென்று ஏராளமாகத் தோன்றுமானால், உடல் மெலிவோ காய்ச்சலோ சேர்ந்திருந்தால், அப்போது மருத்துவரிடம் செல்வது அவசியம்.

ஈரல் பற்றிய அச்சம் முற்றிலும் கற்பனை அன்று. அது பக்கத்து வீட்டுக்காரரின் பெயரில் வந்த கடிதம் போன்றது. ஈரல் நோயில் மிகுதியாகக் காணப்படுவது சிலந்தி ஆஞ்சியோமா. அதன் நடுவில் ஒரு சிவந்த புள்ளியும், அதிலிருந்து நாலாபக்கமும் சிலந்திக் கால்கள்போல் மெல்லிய சிவப்பு இரத்தக்குழாய்களும் ஓடும். நடுப்புள்ளியை அழுத்தினால் கால்கள் அனைத்தும் வெளுத்துப்போய், விரலை எடுத்ததும் நடுவிலிருந்து வெளிநோக்கி மீண்டும் சிவக்கும். அதுவும்கூட ஒன்றிரண்டு இருந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை. கர்ப்பத்திலும் நலமுள்ளவர்களிடமும் காணப்படும். தங்கள் மருக்களுக்குக் கால்கள் இல்லாத வரையில் ஈரலை இதில் இழுக்க வேண்டாம்.

வேறு சிலவற்றையும் பிரித்தறிய வேண்டும். தொட்டால் மேடே தெரியாத, ஊசிமுனை அளவிலான சிவப்புப் புள்ளிகள் ஓரிரு நாள்களில் கொத்தாக, குறிப்பாகக் கால்களில் தோன்றி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம் கசிந்தால், அது இரத்தத் தட்டணுக்கள் குறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சில வாரங்களில் வேகமாக வளர்ந்து, ஈரமாக மின்னி, பட்டாலே குபுகுபுவென இரத்தம் ஒழுகும் சிவப்புக் கட்டி பயோஜெனிக் கிரானுலோமாவாக இருக்கலாம். அதுவும் தீங்கற்றதே, ஆனால் எடுத்துப் பரிசோதிக்கப்பட வேண்டியது. ஏனெனில் நிறமியில்லாத மெலனோமா என்னும் கொடிய புற்றுநோயும் அதே வடிவில், இளஞ்சிவப்பு மேடாக வரக்கூடும். மாதக்கணக்கில் மாறாமல் ஒரே அளவில், ஒரே நிறத்தில், தெளிவான விளிம்புடன் வட்டமாக இருப்பதே செர்ரி ஆஞ்சியோமாவின் சிறந்த அடையாளம். கூழாங்கல் அவர்கள் குறிப்பிட்ட கைக்கருவிக்கு டெர்மோஸ்கோப் என்று பெயர். அதன் வழியே பார்த்தால் வெண்ணிறச் சுவர்களால் பிரிக்கப்பட்ட சிவப்புக் குளங்கள்போல இவை தெரியும். பார்த்துப் பழகிய கண்ணுக்கு அரை நிமிடம் போதும். ஆகையால் தங்களுக்கு ஒரே வரியில் சொல்லப்பட்டது அலட்சியத்தால் ஆகியிருக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த ஒரு வரியைத் தோல் மருத்துவர் கருவியுடன் உறுதிசெய்வது நல்லது, எடுக்க எண்ணுவதால் அது கட்டாயமும் ஆகிறது. பெயர் தெரியாத எதையும் எரிக்கக் கூடாது. எரித்த பிறகு பரிசோதிக்க எதுவும் மிஞ்சாது.

இனி எடுக்கும் முறைகள். தங்களுடைய பெரிய அச்சத்தோடு சேர்த்தே சொல்கிறேன், ஏனெனில் நிறமி மிகுந்த தோலில் சிகிச்சை என்பது பெரும்பாலும் அந்த நிறமியைக் காப்பதைப் பற்றியதே.

மிகவும் பரவலானது மின்காட்டரி. மெல்லிய ஊசிமுனையால் குறைந்த மின்னாற்றலை ஒரு நொடிக்கும் குறைவாகத் தொட்டு எடுக்க, உள்ளே உள்ள நுண்குழாய்கள் சுருங்கி உறைந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் மருவுக்கு இதுவே போதுமானது. முனை எவ்வளவு மெல்லியதாகவும், ஆற்றல் எவ்வளவு குறைவாகவும், செய்பவர் எவ்வளவு நிதானமானவராகவும் இருக்கிறாரோ, அவ்வளவுக்குச் சுற்றியுள்ள தோல் தப்பும். மருவின் விளிம்பைத் தாண்டாமல், மேலாக இரண்டு முறை தொடுவது ஒரே முறை ஆழமாகச் சுடுவதைவிட மேல். பேஸ்மேக்கர் போன்ற இதயக் கருவி பொருத்தியவர்கள் அதை முன்பே தெரிவித்தாக வேண்டும். அவர்களுக்கு மின்சாரம் உடலில் பாயாத வேறு முறை தேர்ந்தெடுக்கப்படும்.

லேசர் முறையின் அடிப்படை வேறு. குறிப்பிட்ட அலைநீளமுள்ள ஒளியை இரத்தத்தின் ஹீமோகுளோபின் உறிஞ்சிக்கொண்டு சூடேறி, அந்தக் குழாயை மட்டும் அழித்துவிட, சுற்றுப்புறம் பிழைக்கும் என்பதே கருத்து. 1983-இல் ஆண்டர்சன், பாரிஷ் என்னும் இருவர் இதை விளக்கி எழுதிய பிறகே இன்றைய தோல் லேசர்கள் உருவாயின. பல்ஸ்டு டை லேசர் 585 அல்லது 595 நானோமீட்டரிலும், கேடிபி லேசர் 532 நானோமீட்டரிலும் செயல்படுகின்றன. வெளிர்ந்த தோலில் இரண்டும் சிறப்பாக வேலை செய்யும். நம்மைப் போன்றோரின் தோலில் சிக்கல் எங்கே வருகிறதென்றால், அதே ஒளியை மெலனின் நிறமியும் உறிஞ்சும். அலைநீளம் குறையக் குறைய அது உறிஞ்சுவது கூடும். ஒளி இரத்தக்குழாயை அடைவதற்கு முன்பே மேல்தோலில் தடுக்கப்பட்டு, அங்கே சூடாகி, கொப்புளமும் பின்னர்க் கறையும் உண்டாகலாம். ஆகவே கறுத்த தோலுக்கு 532 சற்று அபாயமானது. 1064 நானோமீட்டரில் இயங்கும் என்டி யாக் லேசரை மெலனின் மிகக் குறைவாகவே உறிஞ்சும் என்பதால் பலர் அதை விரும்புகிறார்கள். ஆனால் ஹீமோகுளோபினும் அந்த அலைநீளத்தைக் குறைவாகவே உறிஞ்சுவதால் அதிக ஆற்றல் செலுத்த வேண்டியிருக்கும். அளவு சிறிது மிஞ்சினாலும் ஆழமான சூடும் தழும்பும் ஏற்படும். லேசர் என்ற சொல்லே பாதுகாப்பைக் குறிப்பதாகப் பலரும் நம்புகிறார்கள். எந்த லேசர், எந்த அளவில், தங்களைப் போன்ற நிறமுள்ள எத்தனை பேருக்கு அந்தக் கையால் செய்யப்பட்டது என்பவையே உண்மையான கேள்விகள். வெயிலில் புதிதாகக் கறுத்திருக்கும் தோலில் எந்த லேசரும் வேண்டாம்.

திரவ நைட்ரஜனால் உறைய வைக்கும் முறையைத் தங்கள் தோலுக்கு நான் பரிந்துரைக்கத் தயங்குவேன். நிறமியை உண்டாக்கும் மெலனோசைட் செல்கள், தோலின் மற்றச் செல்களைவிடக் குளிருக்கு மிக எளிதில் மடியும். மரு போனாலும் வெள்ளைப் புள்ளி நிலைத்துவிடக்கூடும். தாங்கள் அஞ்சிய இரண்டில் இதுவே கடினமானது. கறுப்புத் தடம் மாதங்களில் மங்கும், வெள்ளைத் தடம் பல ஆண்டுகள் நிற்கலாம், மறையாமலும் போகலாம். மிளகளவு வளர்ந்த மேட்டை மரப்பு ஊசி போட்டுச் சீவி எடுத்து, அடிப்பகுதியை மெல்லத் தொட்டு இரத்தத்தை நிறுத்துவதும் ஒரு முறை. சீவியதைப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்பது அதன் தனி நன்மை. சங்கிலியில் உரசுவதற்கு அதுவே பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் பார்ப்பவரே முடிவு செய்ய வேண்டும்.

மழைத்துளி (பதில்):

சகோதரி, நான் இரண்டு முறை சிகிச்சை செய்துகொண்டவள். முதல் முறை தவறாகவும், இரண்டாம் முறை சரியாகவும் நடந்தது. இரண்டையும் சொல்கிறேன், என் தவறு தங்களுக்கு நேரக் கூடாது.

அதற்கும் முன்பு வீட்டிலேயே ஒரு முயற்சி செய்தேன். வினிகரில் நனைத்த பஞ்சை மருவின் மேல் ஒட்டி இரவு முழுவதும் வைத்தால் உதிர்ந்துவிடும் என்று காணொலி ஒன்றில் சொன்னார்கள். மூன்றாம் நாள் மரு அப்படியே இருந்தது, அதைச் சுற்றியிருந்த தோல் புண்ணாகிவிட்டது. அமிலத்துக்கு இரத்தக்குழாய் எது, நல்ல தோல் எது என்று தெரியாது. ஐந்து ஆண்டுகள் கழிந்தும் அந்த வட்டம் என் கையில் இருக்கிறது. நூல் கட்டுவது, இணையத்தில் விற்கும் எரிக்கும் பேனாக்கள், உதிரவைக்கும் களிம்புகள் ஆகியவற்றையும் தயவுசெய்து தொட வேண்டாம்.

பிறகு ஓர் அழகு சிகிச்சை நிலையத்துக்குச் சென்றேன். அங்கே யாரும் உருப்பெருக்கியால்கூடப் பார்க்கவில்லை. மரத்துப்போகச் செய்யும் களிம்பைத் தடவிப் பத்தே நிமிடத்தில் தொடங்கி, ஒரே அமர்வில் 40 மருக்களைச் சுட்டுவிட்டார்கள். அந்தக் களிம்பை மேலே மூடி ஒரு மணி நேரமாவது வைத்திருக்க வேண்டும் என்பதை நான் பின்னரே அறிந்தேன். வலியைவிடத் துயரமானது என்னவென்றால், என் தோல் எப்படி ஆறும் என்று தெரிந்துகொள்ள எவரும் ஒரு புள்ளியைக்கூட முன்னோட்டமாகச் செய்து பார்க்கவில்லை. அடுத்த மாதம் என் மார்பிலும் வயிற்றிலும் 40 கறுப்பு வட்டங்கள் இருந்தன. சிவப்பாக இருந்தபோது அருகில் வந்து பார்த்தால்தான் தெரியும். கறுத்த பிறகு தொலைவிலிருந்தே தெரிந்தது. பெரும்பாலானவை ஏழெட்டு மாதங்களில் மங்கின. மூன்று இன்னும் மங்கவில்லை. அந்த மாதங்களில் நான் எவ்வளவு அழுதேன் என்பதைச் சொல்லி என்ன பயன்.

இரண்டாம் முறை தோல் மருத்துவரிடம் சென்றபோது, அவர் முதலில் ஆடைக்குள் மறையும் இடத்தில் இரண்டு மருக்களை மட்டும் காட்டரி செய்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார். எனக்குப் பொறுமையே இல்லை. ஆனால் அந்த இரண்டு மாதம்தான் என்னைக் காப்பாற்றியது. ஒன்று தடமின்றி ஆறியது, மற்றொன்று சற்றுக் கறுத்தது. அதைப் பார்த்து ஆற்றலைக் குறைத்துக்கொண்டு, வெளியில் தெரியும் ஐந்தை மட்டும் செய்தார். சுருக்கென்று ஒரு குத்து, ஒரு எரிச்சல், அவ்வளவுதான். அன்றே கருஞ்சிவப்புப் பொருக்கு கட்டியது. கழுத்தில் இருந்தது எட்டாம் நாளும், வயிற்றில் இருந்தவை இரண்டு வாரம் கழித்தும் தாமாக உதிர்ந்தன. பொருக்கு காய்ந்து இறுகாமல் பெட்ரோலியம் ஜெல்லி தடவிவந்தேன். நகத்தால் பெயர்க்கவே இல்லை. முதல் முறை பெயர்த்தவற்றில்தான் குழி விழுந்தது. பொருக்கு உதிர்ந்த பிறகு, வெயில் படும் இடங்களில் காலையில் சன்ஸ்கிரீன் தடவாமல் வெளியே செல்லவில்லை.

எடுத்தவை திரும்பி வரவில்லை. ஆனால் புதியவை வருகின்றன. சிகிச்சை என்பது அந்த மருவுக்கு மட்டுமே, வருவதை நிறுத்துவதற்கு அன்று என்று முதலிலேயே எனக்குச் சொல்லியிருந்தால் நான் 40-ஐச் சுட்டுக்கொண்டிருக்க மாட்டேன். எல்லாவற்றையும் ஒழித்துவிட வேண்டும் என்ற வெறியே என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. இப்போது எது என்னை உறுத்துகிறதோ அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வைகறை:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பதில்களை இரண்டு முறை படித்தேன். ஈரல் அச்சம் நீங்கியது. நேற்றிரவு கண்ணாடி முன் நின்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன், எதற்கும் கால்கள் இல்லை. படமும் எடுத்து வைத்துவிட்டேன். வயிற்றிலும் தோளிலும் உள்ள முப்பத்திரண்டை அவற்றின் பாட்டுக்கு விட்டுவிடுவது என்றும், கழுத்துப் பக்கம் உள்ள இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வது என்றும் எண்ணியிருக்கிறேன்.

ஒரு செய்தியை முதல் கேள்வியில் எழுத மறந்துவிட்டேன். இளவயதில் காது குத்தியபோது என் இடது காது மடலில் தழும்பு தடித்து உருண்டையாக வளர்ந்தது. ஊசிகள் போட்டுத்தான் அது அமுங்கியது. மேலும், கடந்த ஆண்டு முதல் இரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை எடுத்து வருகிறேன். இவை என் முடிவை மாற்றுமா?

நெய்தல்:

இரண்டும் முக்கியமான செய்திகள். முதலாவது மிகவும் முக்கியம்.

தாங்கள் விவரிப்பது கெலாய்டு என்னும் மிகைத் தழும்பு. காது மடலில் வந்தவருக்கு வேறிடத்தில் வந்தே தீரும் என்பதில்லை. ஆனால் நடுமார்பு, தோள், மேல்முதுகு ஆகியவை கெலாய்டுக்கு மிகவும் இடம் கொடுக்கும் பகுதிகள். தங்களைப் பொறுத்தவரை அங்கே உள்ள மருக்களை அழகுக்காக எடுப்பதை நான் ஒப்பமாட்டேன். இரண்டு மில்லிமீட்டர் சிவப்புப் புள்ளிக்காக அதைவிடப் பெரிய, அரிக்கும் தழும்பை வாங்கிக்கொள்ள நேரலாம். ஆகவே முப்பத்திரண்டை விட்டுவிடுவது என்னும் தங்கள் முடிவு சரியானதே. கழுத்தெலும்பின் மேல் உள்ளதும் அந்த அபாய எல்லைக்கு அருகிலேயே இருக்கிறது. அது இரத்தம் கசியாமல், உறுத்தாமல் இருக்குமானால் அதையும் விட்டுவிடலாமா என்று எண்ணிப் பாருங்கள். சங்கிலி உரசும் மருவுக்கு எடுப்பதற்கான உண்மையான காரணம் இருக்கிறது. சங்கிலியைக் கழற்றி வைப்பதோ, உரசாத நீளத்துக்கு மாற்றுவதோ இயலுமா என்பதையும் முதலில் பாருங்கள். பல நேரங்களில் அதுவே போதும். அதை எடுப்பதானால் சீவுவதைக் காட்டிலும், தோலின் ஆழத்தைத் தொடாத மிக மேலோட்டமான காட்டரி தங்களுக்குப் பொருந்தலாம். முன்பு சீவலாம் என்று நான் எழுதியது காதுத் தழும்பை அறியாமல் எழுதியது. மழைத்துளி அவர்களின் மருத்துவர் செய்ததுபோல் மறைவிடத்தில் ஒரு சிறு மருவை முதலில் செய்து பார்க்கச் சொல்லுங்கள். நடுமார்பில் வேண்டாம், வயிற்றின் பக்கவாட்டில் செய்யலாம். கெலாய்டு மெல்ல வளரக்கூடியது என்பதால் இரண்டு மாதம் போதாது, குறைந்தது மூன்று மாதமாவது காத்திருங்கள்.

மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்த வேண்டாம். இவ்வளவு சிறிய சிகிச்சைக்காக அதை நிறுத்துவது பொதுவாகத் தேவைப்படாது. நிறுத்துவதால் வரும் ஆபத்து ஒரு துளி இரத்தத்தைவிடப் பன்மடங்கு பெரிது. மாத்திரையின் பெயரையும் அளவையும் எழுதி எடுத்துச் சென்று, சிகிச்சைக்கு முன் காட்டுங்கள். அதுவரை சங்கிலி உரசி இரத்தம் வந்தால் மற்றவர்களைவிடச் சற்று நேரம் கூடுதலாக, பதினைந்து நிமிடமாவது, எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வைகறை:

சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டேன். தோல் மருத்துவரிடம் அடுத்த வியாழக்கிழமைக்கு நேரம் கிடைத்திருக்கிறது. டெர்மோஸ்கோப்பால் பார்க்கும்படி கேட்பேன். காதுத் தழும்பையும் மாத்திரையையும் முதலிலேயே சொல்வேன். கழுத்தெலும்பின் மேல் உள்ளதை இப்போதைக்கு எடுக்கப் போவதில்லை. வயிற்றின் வலப்பக்கம் உள்ள ஒரு சிறு மருவை முன்னோட்டத்துக்கென்று தேர்ந்து வைத்திருக்கிறேன். அது எப்படி ஆறுகிறது என்பதை மூன்று மாதம் கழித்து இங்கே எழுதுகிறேன்.